வெளியில் சாப்பிடும் பழக்கம்

நெய்வேலி
14.7.2024

அன்புள்ள எழிலுக்கு,

அண்ணன் எழுதுவது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேண்ணா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கட்டைவிரலோடு நான் என்ன பேசுவது? கடிதமென்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். தவிர, போனில் பேசினால் நான் கத்திவிடுவேன் என்று உன் அண்ணி ருக்குமணி பயப்படுகிறாள்.

விஷயம் என் பெண், உன் மருமகள் இசையைப் பற்றியது. வெள்ளாறு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்க்கும்போது நீதான் சொன்னாய்: "கவர்மென்ட் யுனிவர்சிட்டிண்ணா, தனியார்ல கொண்டுபோய்க் கொட்டாதீங்க, நம்பிச் சேத்துவிடுங்க." சேர்த்தோம். போன வாரம் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து ருக்குமணி அழுதுவிட்டாள். அப்படி இளைத்திருக்கிறாள். விடுதியில் பாதி நாள் இரவுச் சாப்பாடு கிடையாதாம். தண்ணீரில் நாற்றமாம். வளாகத்து மருத்துவ நிலையத்தில் இருந்த நர்ஸம்மாவை அனுப்பிவிட்டார்களாம். பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்குப் பல மாதமாகச் சம்பளம் இல்லை. அவர் மாலையில் பைக்கில் ஓட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருநாள் மாணவிகள் ஆர்டர் போட்ட பொட்டலத்தை விடுதி வாசலில் அவரே கொண்டுவந்து கொடுத்தாராம். யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம் என்கிறாள்.

வார ஓய்வன்று நானே நேரில் போய்ப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"பணம் இருக்குதுங்க. எங்ககிட்ட இல்ல. மார்ச் மாசம் ஆர்டர் வந்துச்சு. பசங்க கட்டுன பீஸு, பேங்க்ல இருந்தது மொத்தத்தையும் கஜானாவுல போடச் சொன்னாங்க, போட்டுட்டோம். இப்ப ஒரு பல்பு மாத்தணும்னாலும் நிதித்துறையக் கேக்கணும்."

என் தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அவர் சொன்னது உண்மையா? நீ சொன்னால் நம்புகிறேன்.

அண்ணன்
தனகோட்டி


சென்னை
25.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டைவிரல் விஷயத்தில் தவறு என்னுடையதுதான். இனி பதில் எழுதுகிறேன். அலுவலக விஷயத்தைப் போனில் பேசுவது எனக்கு நல்லதில்லை என்பதால் கடிதமே இருக்கட்டும். இதை யாருக்கும் காட்ட வேண்டாம்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் நடந்ததை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்கள் விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மருத்துவக் கட்டணம் என்று வாங்கியதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் வங்கியில் வைப்பாகப் போட்டு வைத்திருந்தன. ஒரு பக்கம் அந்தப் பணம் சும்மா கிடக்கிறது. இன்னொரு பக்கம் அரசாங்கம் வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் போடுகிறது. மார்ச் கடைசியில் இருந்த நெருக்கடி வெளியே யாருக்கும் தெரியாது. ஒன்றாம் தேதி ஓய்வூதியம் போடுவதற்கே வழியில்லாமல் இருந்தது. எத்தனை லட்சம் முதியவர்கள் அதை நம்பி இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரும் பணத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கிறது. தேவைக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆணையிலேயே இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆணைக்கான குறிப்பை எழுதியது என் பிரிவு. சுற்றி வளைக்காமல் சொன்னால், நான்.

இசையை விடுதியிலிருந்து வெளியே எடுத்து ஒரு நல்ல அறை பார்த்து வையுங்கள். செலவு என்னுடையது. உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
எழில்மதி


நெய்வேலி
18.8.2024

எழில்,

நீ அனுப்பியது வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. என் பெண்ணை மட்டும் தூக்கி வெளியே வைத்தால் அந்த விடுதியில் இருக்கிற மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எங்கள் சுரங்கத்துக் கன்வேயர் செக்‌ஷனில் இருக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி ஒன்று கேட்கிறேன். எங்கள் பி.எஃப். பணத்தை எடுத்து வேறு எதற்கோ செலவழித்துவிட்டு, "உங்க பேர்லதாம்பா இருக்கு" என்று சொன்னால் மறுநாள் ஷிப்டுக்கு எவனாவது வருவானா? நாங்கள் கட்டியது வரி இல்லை. சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு என்று சொல்லி வாங்கினார்கள். அதற்குத்தான் கட்டினோம்.

இசையும் அவள் அறைத்தோழி மலர்விழியும் விடுதிக் குழாய்த் தண்ணீரை அவர்கள் லேபிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் படிப்பதே கிருமியைப் பற்றித்தானே. சாக்கடைக் கிருமி அப்படியே இருக்கிறதாம். கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் போகின்றன, எங்கோ உடைந்திருக்கிறது. பதிவாளரிடம் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "ஸ்டூடன்ட்ஸ் பண்ற டெஸ்ட்டையெல்லாம் ரிப்போர்ட்னு எடுத்துக்க முடியாதும்மா" என்றாராம். மலர்விழி சும்மா இருக்கவில்லை. "அப்ப எதுக்கு சார் எங்களுக்கு டிகிரி குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண்ணைப் போன ஞாயிற்றுக்கிழமை இசை கூட்டிக்கொண்டு வந்தாள். குறிஞ்சிப்பாடி. அப்பா பன்னீர்செல்வம் வடலூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வந்ததும் ருக்குமணியிடம், "ஆன்ட்டி, சோறு நெறைய வடிங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரத்துக்குத் துன்னுட்டுப் போவப் போறோம்" என்றாள். குவார்ட்டர்ஸே சிரித்தது. வாய் ஓயாத பெண். இப்போது இரண்டு பேரும் நிர்வாகக் கட்டடத்து முன்னால் உட்கார்ந்து மற்ற மாணவிகளோடு கோஷம் போடுகிறார்கள். எனக்குப் பயமும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் பெருமையும் இருக்கிறது.

குழாய் மாற்ற எஸ்டிமேட் போட்டு ஜூனிலேயே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். விண்ணப்பித்துப் பெறலாம் என்றாயே. விண்ணப்பித்திருக்கிறார்கள். அந்த ஒரு பைலைப் பார். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

தனகோட்டி


சென்னை
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பைலைத் தேடி எடுத்தேன். "இப்பணியைப் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து மேற்கொள்ளாததற்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை" என்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய சொந்த நிதி எங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் புதிதாக வந்த பிரிவு அலுவலர். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பைலிலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

பல்கலைக்கழகத்திலிருந்து திரும்ப வரவழைத்து, அவசரம் என்று குறித்து நானே எங்கள் துறைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் படித்தார். மூடி என் பக்கம் தள்ளினார்.

"ஒரு ஹாஸ்டலுக்குத் திறந்தா எல்லா ஹாஸ்டலும் வரும் எழில்மதி. அந்தப் பணம் இப்ப எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஏப்ரல் முதல் தேதியே அது செலவாகிவிட்டது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கணக்கில் அவர்கள் பெயர் இருக்கிறது, பணம் இல்லை. புதிதாக வருவதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மற்ற எல்லாமும் வரிசையில் நிற்கின்றன.

"மார்ச் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க" என்றார்.

அண்ணா, இசையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். தினமும் பஸ்ஸில் போய் வரட்டும். கஷ்டம்தான், ஆனாலும் வீட்டுத் தண்ணீராவது குடிப்பாள். இதற்கு மேல் என்னால் முடிந்தது எதுவும் இல்லை.

மற்றப் பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எழில்மதி


நெய்வேலி
27.10.2024

எழில்,

மலர்விழி இறந்துவிட்டாள்.

இதை எழுத ஒரு வாரமாக உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீ படிக்க வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு இசை காய்ச்சலோடு வந்தாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். ருக்குமணிதான் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள். அன்றைக்கே டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பர்மனென்ட் என்பதால் என் பெண்ணுக்கு அங்கே கட்டில் இருந்தது. குளுகோஸ் ஏற்றினார்கள், பத்தியம் சொன்னார்கள், தேறினாள்.

மலர்விழி ஊருக்குப் போகவில்லை. புராஜெக்ட்டை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று விடுதியிலேயே இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இசைக்குத் தினமும் போன் செய்வாள். "எனக்கும் கண்ணு லேசா மஞ்சளாத்தாண்டி இருக்குது. ரெண்டு பேரும் மேட்சிங்" என்று சிரித்திருக்கிறாள். வளாகத்து மருத்துவ நிலையம் பூட்டிக் கிடந்தது. அதனால் வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், பல்கலைக்கழகம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டியிருக்கிறாள். அட்டை செல்லாது என்றார்கள். பல்கலைக்கழகம் இந்த வருஷத்துக்கான பிரீமியத்தைக் கட்டவில்லை. எப்படிக் கட்டும்? மருத்துவக் கட்டணமும் சேர்ந்துதானே உங்களிடம் வந்தது. அப்பாவிடம் கேட்டால் ஆட்டோவை அடகு வைத்துவிடுவார் என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. மருந்துக் கடையில் எதையோ வாங்கிப் போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

பிறகு ஒருநாள் காலையில் போனில் இசையிடமே, "நீ யாரு பேசுற?" என்று கேட்டிருக்கிறாள். இசை அலறியடித்துக்கொண்டு என்னிடம் போனைக் கொடுத்தாள். நான் விடுதிக்குப் பேசினேன். வளாகத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஓட்டுநரை அனுப்பிவிட்டார்கள். மாணவிகளே அவளைத் தூக்கி ஒரு வாடகை வேனில் போட்டுக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பன்னீர்செல்வத்துக்கு நான்தான் தகவல் சொன்னேன். இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். உடம்பெல்லாம் மஞ்சள் பூசினாற்போல இருந்தது.

பன்னீர்செல்வம் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணா, வண்டி வடலூர் போவுமா?" என்றாள்.

அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "போவும்மா. ஏறிக்கோ" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கல்லீரல் கெட்டு விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு இசையையும் கூட்டிக்கொண்டு போனேன். நிற்கக்கூடத் தெம்பில்லை, ஆனாலும் வருவேன் என்று அடம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாலை வந்தது. ஆள் யாரும் வரவில்லை.

"மார்ச் வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க" என்று உன் கடிதத்தில் இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்று நீ எழுதவில்லை.

தனகோட்டி


சென்னை
20.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை.

போன வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். உங்களிடம் சொல்லாமல் வந்து போனதற்கு மன்னியுங்கள். உங்கள் வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்களைக் கேட்டபோது ஒருவர் வண்டியிலேயே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. "அந்த வூட்டுக்கு வர்றவங்ககிட்ட நாங்க யாரும் வாங்கறதில்லீங்க" என்றார்.

பன்னீர்செல்வம் இல்லை. மலர்விழியின் அம்மா ராஜாம்பாள்தான் இருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். என் புடவையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "காலேஜுல இருந்து வரீங்களா? டீச்சருங்களா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். இல்லையென்றால் யாரென்று சொல்ல வேண்டும்.

தேநீர் கொடுத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார். எவ்வளவோ சொல்லியும் மேலே உட்காரவில்லை. சிறிது நேரம் கழித்துக் கேட்டார்:

"எம்பொண்ணு நல்லா படிக்குமாங்க? வூட்ல எப்பப் பாத்தாலும் வாயடிச்சிக்கினே இருக்கும். கிளாஸ்லயும் அப்படித்தானான்னு எனக்கு ஒரு கவல. படிக்குங்களா?"

"ரொம்ப நல்லா படிப்பாம்மா. அவதான் முதல்" என்றேன். நான் பார்த்தே இராத பெண்ணைப் பற்றி. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உபயோகமானது.

சென்னைக்குத் திரும்பும் வழியெல்லாம் மார்ச் மாதம் அந்த ஆணையை முடிவு செய்த அறையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஒன்றாம் தேதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. மருத்துவக் கட்டணத்தையாவது விட்டுவிடலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

இசை எப்படி இருக்கிறாள்?

எழில்மதி


நெய்வேலி
12.1.2025

எழில்,

இசை உடம்பால் தேறிவிட்டாள். புளியும் எண்ணெயும் இல்லாமல் சாப்பிடுகிறாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. ஷேர் ஆட்டோவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நீ குறிஞ்சிப்பாடி போய் வந்ததை ருக்குமணியிடம் மட்டும் சொன்னேன். "போனாளே, அதுவரைக்கும் மனுஷி" என்றாள். எனக்கு அதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா கெட்டது என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. பன்னீர்செல்வமும் மாணவிகளும் சேர்ந்து ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டிருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். மாணவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், மலர்விழி சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், இரண்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கடலூர் வக்கீலைப் பார்க்க நான் கூடப் போயிருந்தேன். "அரசு சார்பில் நிதித்துறைத் துணைச் செயலாளர் பதில் மனு போடுவாங்க" என்றார். யார் அது என்று பன்னீர்செல்வம் கேட்டார். "யாரோ ஒரு அம்மா" என்றார் வக்கீல். நான் வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, இசை அன்று வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "யாருப்பா பதில் போடப் போறாங்க?"

"உங்க அத்தைதான்."

"அந்த ஆர்டரும் அத்தை எழுதுனதாப்பா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் அழவில்லை. "அப்படின்னா நல்லதுதாம்பா. அத்தைக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவங்க எழுதுனா உண்மையத்தானே எழுதுவாங்க" என்றாள்.

நம் அப்பா சாமிக்கண்ணு கூலி வேலைக்குப் போன இடத்திலெல்லாம் உன்னைப் பற்றியே பேசுவார். என்னைப் பற்றிப் பேசியதில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததுமில்லை. நீ படித்தாய், நீ பரீட்சை எழுதி மேலே போனாய். அந்த நாற்காலிக்கு உன்னை யாரும் தூக்கிவிடவில்லை. அதனால் அதில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்ல நீ யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர்கள் எதையாவது எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதே. இவ்வளவுதான்.

அண்ணன்
தனகோட்டி


சென்னை
30.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு யார் மூலமாகவும் உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

பதில் மனுவை நான் தயாரித்திருந்தேன். குழாய்க்கான எஸ்டிமேட் ஜூனில் வந்தது, நிதி விடுவிக்கப்படவில்லை, காப்பீட்டு பிரீமியம் கட்டப்படவில்லை, எல்லாம் எழுதியிருந்தேன். செயலாளர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அரசு வக்கீல் தயாரித்த வேறொன்றைக் கொடுத்தார். விடுதித் தண்ணீருக்கும் மாணவியின் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. கீழே ஒரு வரி. "மேற்படி மாணவி வெளியில் சாப்பிடும் பழக்கம் உடையவர் என்பது விசாரணையில் தெரியவருகிறது."

"சார், ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்தினது நாம. வெளியில சாப்பிடாம என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு பைலை எடுத்து வைத்தார். நான் டிசம்பரில் அனுப்பியது. எல்லாப் பல்கலைக்கழகங்களின் விடுதி நிதியையும் மருத்துவ நிதியையும் உடனே விடுவிக்கக் கேட்டிருந்தேன். ஒரு மாதமாக அவரிடம் கிடந்தது.

"இதுல நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். கோர்ட்டுல நமக்கு எதிரா வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் பழி, இழப்பீடு, அப்பீல்னு இழுத்துக்கிட்டே போகும். பைசா வெளிய போகாது. நீங்க அதுல போடுங்க, நான் இதுல போடறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணா, அந்த மேசையில் இரண்டு பைல்கள் இருந்தன. ஒன்றில் இறந்துபோன ஒரு பெண். இன்னொன்றில் எத்தனையோ விடுதிகளில் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிற பெண்கள். மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். உங்கள்மீது பழி போடுவதாக நினைக்காதீர்கள். அந்தக் கேள்வி அப்போது என் காதில் கேட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

நான் போட்டேன். அவரும் போட்டார். விடுவிப்பு ஆணை மறுநாளே வெளியானது. குழாய் வேலை இந்த வாரம் தொடங்கும்.

பதவிக்காகவோ பயத்துக்காகவோ செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதுவும் கொஞ்சம் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இசைக்கு எப்படிச் சொல்வீர்களோ, உங்கள் விருப்பம்.

எழில்மதி


நெய்வேலி
6.4.2025

எழில்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சென்னையில் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தபின் எழுதுகிறேன்.

குழாய் மாற்றிவிட்டார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் புது இயந்திரம் வந்திருக்கிறது. நர்ஸம்மா திரும்பி வந்துவிட்டார். இரவுச் சாப்பாடும் போடுகிறார்கள். நீ வாங்கிக் கொடுத்தது பொய்யில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வேலை முடிந்ததும் படம் எடுத்து அரசு வக்கீல் கோர்ட்டில் கொடுத்தார். பிறகு உங்கள் பதில் மனுவை வாசித்தார். ஆங்கிலத்தில்தான் வாசித்தார். ஆனாலும் உன் பெயர் காதில் விழுந்தது. நம் அப்பாவின் பெயரும் விழுந்தது. எழில்மதி, தகப்பனார் பெயர் சாமிக்கண்ணு. என் பக்கத்தில் பன்னீர்செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பணத்தை அரசு படிப்படியாகத் திருப்பித் தருவதாகச் சொல்வதைப் பதிவு செய்து வழக்கை முடித்துவிட்டார்கள். மலர்விழி சாவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதால் அந்தப் பகுதி தள்ளுபடி.

வெளியே படியில் வைத்து வக்கீல் தமிழில் சொன்னார். பன்னீர்செல்வம் முழுவதையும் கேட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். விழுப்புரம் தாண்டியபின் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளு பசிக்குதுன்னு பன்னு வாங்கித் துன்னேன்னு போன்ல சொல்லிச்சிங்க. அதயா எழுதிட்டாங்க?"

தெரியாது என்றேன்.

"வூட்ல இவகிட்ட என்னான்னு சொல்றது? வெளிய சாப்ட்டுதான் செத்துச்சின்னா நம்ப மாட்டா. அது காசு செலவு பண்ணாதுங்க. நாம குடுக்கறதையே திருப்பி எடுத்தாந்து குடுக்கும்."

துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

நீ யார் என்று அவருக்கும் தெரியாது, ராஜாம்பாளுக்கும் தெரியாது. காலேஜிலிருந்து ஒரு டீச்சர் வந்து, எம்பொண்ணுதான் முதல் என்று சொல்லிவிட்டுப் போனார் என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்காக நான் பொத்தி வைக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு முன்பே தெரிந்திருக்கும். மார்ச் கடைசியில் மறுபடியும் ஆணை வந்துவிட்டது. தேர்வுக் கட்டணம் முதல் எல்லாவற்றையும் கஜானாவில் போட வேண்டுமாம். விடுதியும் மருத்துவமும் இந்தத் தடவை விலக்கு, "நிதி நிலைமையைப் பொறுத்து". இதை எழுதியதும் நீதானா என்று நான் கேட்கவில்லை.

இசை பிப்ரவரியிலேயே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதே அறையில்தான் இருக்கிறாள். மலர்விழி பாதியில் விட்ட புராஜெக்ட்டையும் சேர்த்து அவளே செய்கிறாள். தீர்ப்பு வந்த அன்று பதில் மனுவை யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். வரிவரியாகப் படித்திருக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அத்தை அந்த வரியப் படிச்சிட்டுத்தான் போட்டாங்களாப்பா, படிக்காமயா?"

படித்துவிட்டுத்தான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். நீ எழுதியதை எழுதியபடியே, உன் பக்கத்து நியாயம் எதையும் விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அந்த வரியப் போட்டு அத்தை வாங்குன தண்ணியத்தாம்பா நான் இப்ப குடிக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் உன்னைப் பற்றி இந்த வீட்டில் அவள் பேசுவதில்லை.

ருக்குமணி உன்னை விசாரிக்கிறாள். எனக்கும் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. கிளம்புவதற்கு முன் ஒரு வரி எழுது. இசை வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்கிறேன்.

தனகோட்டி